கஞ்சி ஒன்றுதான், காவல் வேறு

பொலிஸார் ஆளைப் பார்த்துத்தான் தடியெடுக்கிறார்களா என்று கொழும்புத் தமிழர் எவரிடமாவது கேட்டால், இதிலென்ன சந்தேகம் என்ற பதில்தான் உடனே வரும். எனது பதில் அவ்வளவு நேரானதன்று. கோட்டைப் பக்கம் ஊர்வலம் போகும் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் சிங்கள இளைஞர்கள். ஆட்சிகள் மாறிமாறி வந்தபோதும் நீர்த்தாரைக்கும் கண்ணீர்ப்புகைக்கும் அவர்கள் தப்பியதில்லை. 2022 ஆகஸ்டில் கைதான அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிய அழைப்பாளர் வசந்த முதலிகே, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டு, அக்குற்றச்சாட்டுகளிலிருந்து 2023 ஜனவரி இறுதியில்தான் விடுவிக்கப்பட்டார். அடி தமிழருக்கு மட்டுமே உரியது என்று சொல்ல இயலாது.

ஆனால், அதே 2022 மே 9 அன்று பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் கூடிய அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள், வாசலில் இருந்த போராட்டக்காரரின் கூடாரங்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, காலி வீதி வழியே பொல்லுகளோடு, அரசுக்கு எதிரான போராட்டக்காரர் கூடாரமிட்டிருந்த காலிமுகத்திடல்வரை பட்டப்பகலில் நடந்தே சென்றார்கள். மாணவரை மறிக்கும்போது இரும்புச் சுவராக நிற்கும் பொலிஸ் வரிசை, அன்று அவர்களுக்கு வழிவிட்டது. நீர்த்தாரை வந்துசேர்ந்தபோது கூடாரங்கள் எரிந்துகொண்டிருந்தன. கோரிக்கை என்ன என்பதைவிட, அது அதிகாரத்துக்கு வேண்டியவருடையதா என்பதே அன்று எடுபட்டது.

தமிழர் விடயத்தில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. தெற்கின் போராட்டக்காரர் தடுப்பைத் தாண்டும்போதுதான் சட்டம் பெரும்பாலும் குறுக்கே வருகிறது. வடக்கு கிழக்கில் போரில் இறந்தோருக்கான நினைவேந்தலுக்கோ, அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே நீதவானிடம் பல தடவை தடையுத்தரவு பெறப்பட்டிருக்கிறது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து, 2009 இறுதிப்போரில் சிக்கிய மக்கள் உயிர்பிழைக்கக் குடித்ததன் நினைவான முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பகிர்ந்து குடித்தபோது எவரும் கைதாகவில்லை. 2024 மே மாதம் கிழக்கே சம்பூரில் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர், சிவில் மற்றும் அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்க் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். அரிசியும் உப்பும் தண்ணீரும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே!

கொழும்பின் வெள்ளவத்தைக் கடற்கரையில் நினைவேந்தலுக்கு விளக்கேற்றும்போது அடிதடி எதுவும் நடப்பதில்லை என்பது உண்மை. சீருடை அணியாத ஒருவர், கைத்தொலைபேசியை நெஞ்சு மட்டத்தில் பிடித்தபடி, பதாகைகளை விட்டுவிட்டு முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்துகொண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் அருகில் நின்ற அம்மா ஒருவர் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வருவதா வேண்டாமா என்று அவரை யோசிக்கவைக்க ஒரு தொலைபேசியே போதும். அதற்குக் கண்ணீர்ப்புகைச் செலவும் இல்லை.

அரசியல் கருத்தின் பேரிலோ இனத்தின் பேரிலோ பாரபட்சம் காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை தெளிவாகவே கூறுகிறது. மீறப்பட்டால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. அந்த நீதிமன்றம் இருப்பதோ கொழும்பு புதுக்கடையில். எனக்கு அது ஒரு பஸ் பயணம். சம்பூர்ப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி, இரவுப் பயணம், அதற்குமேல் சட்டத்தரணியின் கட்டணம்.