நிட்டினால் கம்பியும் பிஎல்ஏ பட்டையும்: இருவகை வடிவ நினைவைச் செய்து பார்த்த குறிப்புகள்

வெந்நீரில் இட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இரண்டு பொருட்களை அருகருகே வைத்துச் சில காலமாகச் சோதித்து வருகிறேன். ஒன்று, நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சம அணு விகிதத்தில் கலந்த நிட்டினால் கம்பி. மற்றது, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்னும் பாலிமர், அதாவது நெகிழிப் பட்டை. வெந்நீரில் இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதாகத் தோன்றும். ஆனால் வளைக்கும்போதே வேறுபாடு கைக்குத் தெரிந்துவிடுகிறது. கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்துவிடலாம். பட்டையையோ சூடாக்கி வளைத்து, வளைத்தபடியே பிடித்துக் குளிரவிட வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், இரண்டையும் எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பது தெளிவாகிவிடும் என்பதே இதுவரையான சோதனைகளிலிருந்து நான் அடைந்த முடிவு.

முதலில் உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் 1950களின் இறுதியில் ஏவுகணையின் முனைக்கூம்புக்குப் பொருத்தமான பொருளைத் தேடியபோது இக்கலவையை ஆராயத் தொடங்கினார். 1961இல் நடந்த ஒரு கூட்டத்தில், மடித்து வைத்த நிட்டினால் பட்டை ஒன்றை ஒருவர் புகைக்குழாய் பற்றவைக்கும் தீயால் சூடாக்க, அது நீண்டு நிமிர்ந்தது. வடிவ நினைவு அங்கேதான் கவனத்துக்கு வந்தது. இக்கலவையில் நிக்கலின் அளவு சம விகிதத்தைத் தாண்டி 0.1 அணு விழுக்காடு கூடினாலே, கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிலைமாற்ற வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். ஆகவே, கம்பியுடன் வரும் சீட்டில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை மட்டும் நம்பாமல், வளைத்த துண்டு ஒன்றை நீரில் இட்டு, நீரை மெதுவாகச் சூடாக்கி, வெப்பமானியுடன் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். என் கம்பி 55 டிகிரிக்கு அருகே அசையத் தொடங்கி, 70 டிகிரியை எட்டுவதற்குள் முழுமையாக நிமிர்ந்துவிடுகிறது.

புதிய வடிவத்தைக் கற்பிக்க, கம்பியை எஃகுத் தகட்டில் திருகுகளால் இறுகப் பிணைத்து, 500 டிகிரி வெப்பமுள்ள உலையில் சில நிமிடங்கள் வைத்து, உடனே நீரில் அமிழ்த்துகிறேன். தீச்சுடரில் நேரடியாகக் காட்டினாலும் வடிவம் பதியும். ஆனால் சூடு சீராகப் பரவாததால் ஒரு பகுதி சுறுசுறுப்பாகவும் அடுத்த பகுதி மந்தமாகவும் இயங்கும். பிணைப்பு தளர்வாக இருந்தால் உலைக்குள்ளேயே கம்பி நிமிர்ந்துவிடும் என்பதால், இந்த வேலையில் தகட்டைச் சரியாகச் செய்வதற்கே மிகுதியான நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

குளிர்ந்த கம்பி ஏன் ஈயத்தைப் போல வளைகிறது என்பதற்கான விளக்கம் அதன் படிக அமைப்பில் இருக்கிறது. சூடான நிலையில் அணுக்கள் ஆஸ்டெனைட் எனப்படும் கனசதுர அமைப்பில் நிற்கின்றன. குளிரும்போது அவை மார்டென்சைட் எனப்படும் சாய்ந்த அமைப்புக்கு மாறுகின்றன. இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சாய்ந்த அடுக்குகள், மடித்த விசிறியைப் போல ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்பதால், வெளியே அளவு மாறுவதில்லை. வளைக்கும்போது அந்த மடிப்புகள் ஒருபக்கமாகத் திரும்புகின்றனவே தவிர, எந்த அணுவும் தன் அண்டை அணுக்களைவிட்டு நகர்வதில்லை. மறுபடி சூடாக்கினால், எல்லா அடுக்குகளுக்கும் பழைய கனசதுர அமைப்பு ஒன்றே திரும்பும் வழியாகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 8 விழுக்காட்டுக்கு மேல் இழுவிசைத் திரிபு (மூல நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) ஏற்பட்டால் அணுத்தளங்கள் வழுக்கத் தொடங்கி, வடிவம் முழுமையாகத் திரும்புவதில்லை. 1 மில்லிமீட்டர் கம்பியை 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையில் சுற்றினால், அதன் வெளிப்புறத்தில் ஏற்படும் திரிபு 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. வெந்நீரில் அது தடமின்றி நிமிர்ந்தது. 4 மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றியபோது திரிபு 11 விழுக்காடாக உயர்ந்தது. அந்த வளைவின் ஒரு பகுதி எவ்வளவு சூடாக்கியும் நிமிராமல் நின்றுவிட்டது. நூலில் படித்த எல்லையைக் கண்ணால் காண்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

விசையைச் சோதிக்க 0.25 மில்லிமீட்டர் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 800 கிராம் எடையைக் கட்டி, ஏறக்குறைய 1 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினேன். தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த அந்தக் கம்பி தன் நீளத்தில் 4 விழுக்காடு வரை சுருங்கி எடையைத் தூக்குகிறது. இது 160 மெகாபாஸ்கல் அளவிலான தகைவு, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பின் ஓர் அலகுக்கான விசை. எடை கூடக் கூடச் சுருக்கம் தொடங்கும் வெப்பநிலையும் உயர்கிறது. தகைவு ஒவ்வொரு 6 அல்லது 7 மெகாபாஸ்கல் கூடும்போதும் ஏறக்குறைய 1 டிகிரி உயரும். சுமையில்லாமல் அளந்த வெப்பநிலையை வைத்துக்கொண்டு சுமை தூக்கும் கருவியை வடிவமைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிஎல்ஏ பட்டையின் கதை வேறு. ஏறக்குறைய 60 டிகிரியில் அதன் கண்ணாடி நிலைமாற்றம் நிகழ்கிறது. அதற்குக் கீழே மூலக்கூறுச் சங்கிலிகள் அசையாமல் உறைந்திருக்கின்றன. மேலே அவை நெளிகின்றன. சூட்டில் பட்டையை இழுத்தால் சங்கிலிகள் நீண்டு ஒழுங்குபடுகின்றன. அப்படியே குளிரவைத்தால் அந்த ஒழுங்கு சிறைப்பட்டுவிடுகிறது. மறுபடி சூடேறும்போது, சிக்கலாகச் சுருண்டிருக்கும் நிலைகளே எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை என்பதால் சங்கிலிகள் அவற்றுக்கே திரும்புகின்றன. உலோகத்தில் நினைவு படிகத்தின் ஒழுங்கில் இருக்கிறது. பாலிமரிலோ ஒழுங்கின்மையை நாடும் இயல்பே நினைவாகச் செயல்படுகிறது. இந்த எதிரிணைதான் இப்பொழுதுபோக்கில் என்னை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது.

அச்சிட்ட பட்டையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அச்சுமுனை இழையை இழுத்து வைக்கும்போதே சங்கிலிகள் நீட்சியடைந்து உறைந்துவிடுவதால், யாரும் வளைக்காத புதிய பட்டைகூட வெந்நீரில் இழையின் திசையில் சுருங்குகிறது. ஆகவே முதலில் ஒருமுறை சூடாக்கிச் சுருங்கவிட்டு, அதன் பின்னரே அளவெடுக்கிறேன். நேரமும் முக்கியமானது. பிஎல்ஏயில் சங்கிலிகளைக் கட்டி வைத்திருப்பவை பெரும்பாலும் அவற்றின் சிக்கல்களே. வளைத்த பட்டையை நெடுநேரம் சூட்டில் பிடித்திருந்தால் சிக்கல்கள் வழுக்கி, புதிய வடிவமே நிலையான வடிவமாகத் தொடங்கிவிடுகிறது. 65 டிகிரியில் விரைந்து வளைத்துக் குளிர்நீரில் இட்ட பட்டைகள் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பின. நெடுநேரம் கொதிநீரில் பிடித்திருந்தவை பாதியிலேயே நின்றன. மின்கம்பி இணைப்புகளுக்கு மேல் போடும் வெப்பச் சுருக்கக் குழாயில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதில் பாலிஎத்திலீன் சங்கிலிகள் கதிர்வீச்சு போன்ற முறைகளால் வேதிப்பிணைப்புகளாகவே குறுக்கே கட்டப்பட்டிருப்பதால், அவை வழுக்க இடமில்லை.

பாலிமரின் நீட்சி பெரியது, விசை சிறியது. சில மெகாபாஸ்கலுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. சிறிய எடையை மாட்டினாலும் மென்மையான பட்டை திரும்பாமல் தொங்கிவிடுகிறது. ஆனால் குளிர்ந்தபின் அது விறைப்பாக நின்று வடிவத்தைக் காக்கிறது. நிட்டினாலோ சூட்டில் வலிமையாக இழுத்தாலும், குளிர்ந்ததும் மென்மையாகிப் பிடியை விட்டுவிடுகிறது.

எனவே இரண்டையும் இணைத்தேன். வளைவைக் கற்பித்த கம்பியைக் குளிரில் நேராக்கி, பட்டையில் அச்சிடும்போதே விட்ட பள்ளத்தில் பதித்து, முனைகளைப் பிணைத்து, வெந்நீரில் இட்டேன். பட்டை முதலில் மென்மையாகி, அதன்பின் கம்பி இழுத்து அதை வளைத்தது. வெளியே எடுத்துக் குளிரவைத்தபின், மின்சாரமோ சூடோ இல்லாமல் பிஎல்ஏ அந்த வளைவைப் பிடித்துக்கொண்டது. திரும்ப நேராக்குவதுதான் கடினமாக இருக்கிறது. பட்டை வளைய வேண்டுமானால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்; ஆனால் 70 டிகிரியைத் தாண்டிவிட்டு இறங்கும் கம்பி, 60 டிகிரியிலும் ஆஸ்டெனைட்டாகவே விறைத்து நிற்கிறது. சூடேறும் வழியும் குளிரும் வழியும் வேறாக இருக்கும் இந்தத் தயக்கம் நிட்டினாலின் இயல்பு.

இதற்குத் தீர்வாக அடுத்து எடுத்திருப்பது பாலிகேப்ரோலேக்டோன் என்னும் இன்னொரு பாலிமர். அது 60 டிகிரிக்கு அருகே உருகினாலும், குளிரும்போது அதைவிட வெகுவாகக் கீழே வந்த பிறகே மீண்டும் படிகமாகி இறுகுகிறது. அந்த இடைவெளியில் கம்பி மார்டென்சைட்டாகி இளகிவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் மென்மையாக இருக்கும்போது விரலாலேயே நேராக்கலாம். உருகிய நிலையில் அது வழிந்துவிடாதபடி மெல்லிய துணி உறை ஒன்றைச் சுற்றி முதல் மாதிரியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பி இளகும் வெப்பநிலையைக் குளிரும் திசையில் தனியாக அளந்த பின்னரே அதை நீரில் இடுவேன்.