பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

வியாழன் காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டைத் தட்டிய தட்டில், வீட்டில் நான் மாட்டி வைத்திருக்கிற அத்தனை சென்சாரும் முழித்திருக்க வேண்டும். ஒன்றும் முழிக்கவில்லை, நான்தான் முழித்தேன். "தம்பி, உங்க மாடியிலேர்ந்து காவிரியே இறங்குது, என் கோலம் போச்சு" என்றார். எட்டிப் பார்த்தால் மொட்டை மாடித் தொட்டி வழிந்து, சன்ஷேடில் விழுந்து, அங்கிருந்து அவர் வாசலுக்குப் பாய்ந்து, அவர் குனிந்து நிமிர்ந்து போட்ட கோலம் வெள்ளைத் தண்ணீராகச் சாக்கடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். அதில் தொட்டிப் படம் நீல நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

"நேத்து ராத்திரி என்ன பண்ணீங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

என்ன பண்ணினேன்? நேற்று புதன்கிழமை, அதுவும் மாதத்தின் முதல் புதன். அமாவாசை, கிருத்திகை எதுவும் நினைவில் நிற்காத எனக்கு இந்தப் புதன் மட்டும் மறக்காது, வீட்டு லைட், கீசர், மோட்டார் எல்லாவற்றையும் ஓட்டுகிற ஹோம் அசிஸ்டன்ட் சாப்ட்வேருக்கு அன்றைக்குத்தான் வழக்கமாகப் புது அப்டேட் வரும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அப்பா அடிக்கடி சொல்வார், அவர் பேச்சில் நான் கேட்டு நடந்தது இது ஒன்றுதான். எல்லாரும் தூங்கிய பிறகு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட்டுக்கட்டு சைஸில் உட்கார்ந்து அதை ஓட்டுகிற ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, பட்டனை அமுக்கிவிட்டேன். என்னென்ன மாறியிருக்கிறது, எதெல்லாம் இனிமேல் பழைய மாதிரி வேலை செய்யாது என்று கூடவே நீளமாக ஒரு பட்டியல் வரும். நகைக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் எவ்வளவு படிப்பானோ அவ்வளவு படித்தேன்.

இது முதல் தடவை இல்லை என்பதால்தான் அடுப்படியிலிருந்து அந்தக் கேள்வி. சித்திரையில் வந்த அப்டேட்டில் கீசர் காணாமல் போனது. பாத்ரூமில் இருந்தது, ஆப்பில் இல்லை. ஆடியில் வந்ததில் ஹால் லைட்டுக்குப் பெயர் மாறிவிட்டது, அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தக் கத்த அது பணிவாக வேறு ஏதோ பாட்டுப் போட்டது. கடைசியில் அம்மா சுவரில் இருந்த சுவிட்சை அமுக்கி அணைத்துவிட்டுப் போய்விட்டார். அதில்தான் அடுத்த கூத்து. இந்த ஜிக்பீ என்கிற வயர்லெஸ் பல்புகள் ஒன்றுக்கொன்று சேதி கடத்துகிற ஜாதி. நடுவில் ஒன்றுக்குக் கரண்டைப் பிடுங்கினால் அதை நம்பியிருக்கிற பின்கட்டு சாமான்களும் வழி தெரியாமல் நின்றுவிடும். ஹால் லைட்டை அம்மா அணைத்தால் கொல்லைப்புறக் கதவு சென்சார் மயக்கம் போடும், இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பேசிய பேச்சுக்கு ஒரு டாக்டர் பட்டமே தரலாம். இன்னொன்று, ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போய் வந்தால் இந்த பல்புகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் தானாக எரியும். வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும், மாப்பிள்ளை பெண் மட்டும்தான் பாக்கி.

அப்பா இதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பத்து நாலு வருஷம் ஈபியில் இருந்தவர், உலகத்தில் எந்தக் கோளாறானாலும் "லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்" என்பார், பேப்பரைப் பிரித்துக்கொள்வார். புதன் சாயங்காலம்தான் அம்மாவோடு கரூருக்கு, அத்தை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

சரி, வியாழன் பூராவும் உட்கார்ந்து பழைய பேக்கப்பைப் போட்டு முதல் நாள் இருந்த நிலைமைக்கே கொண்டுவந்தேன். அக்காவிடம் "இனிமே ஒரு சொட்டு வராது" என்று வாக்கும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை, நல்ல நாளும் அதுவுமாக, மறுபடியும் அருவி. அக்கா அன்றைக்குக் கோலத்தை ரெண்டடி தள்ளிப் போட்டிருந்தார், தண்ணீரும் ரெண்டடி தள்ளி வந்தது.

அப்புறம்தான் வேறு வழியில்லாமல் மோட்டாருக்கு எழுதி வைத்ததையும் சென்சார் அனுப்பிய கணக்கையும் படித்தேன். காலை ஐந்துக்கு மோட்டார் ஓட வேண்டும், தொட்டி 95-ஐத் தாண்டினால் நிற்க வேண்டும், எது எப்படிப் போனாலும் ஏழு மணிக்கு நின்றுவிட வேண்டும். இதுதான் நான் எழுதி வைத்தது. சென்சார் தொட்டி நிறைந்ததும் அனுப்பியிருந்தது 0.97. நூறுக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு இவ்வளவு என்று மாறியிருக்கிறது. 0.97 எந்த ஜென்மத்தில் 95-ஐத் தாண்டும்? ஆயிரம் லிட்டர் தொட்டி அரை மணியில் நிறையும், மிச்சம் ஒன்றரை மணி நேரமும் அக்கா வாசலுக்கு.

ஆனால் இது புதன்கிழமை மாறியதே இல்லை. தேதியைப் பார்த்தால் ரெண்டு மாதத்துக்கு முந்தின அப்டேட். அப்படியானால் ரெண்டு மாதமாக மோட்டாரை யார் நிறுத்தியது? நான் ஆபீசில் "எங்க வீட்டுல எல்லாமே ஆட்டோமேடிக்" என்று பேசித் திரிந்த அதே ரெண்டு மாதம்.

கரூருக்குப் போன் போட்டேன். பின்னால் வளையல் சத்தமும் கூச்சலும்.

"காலண்டரைத் தூக்கிப் பாருடா" என்றார் அப்பா.

ஹாலில் தினசரி காலண்டர். விடியற்காலையில் அவர் எழுந்ததும் அதன் முன்னால் போய் நின்று தாள் கிழிப்பார், பக்தி என்று நினைத்திருந்தேன். தூக்கினால் பின்னால் பழைய காலத்து வெள்ளைக் குமிழ் சுவிட்ச் ஒன்று. சுற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப், அதில் பால்பாயிண்ட் பேனாவால் 'மோ' என்று எழுதியிருந்தது.

"தண்ணி விழற சத்தம் கேட்டா அமுக்கிடுவேன். ஏழு மணிக்கு மேல திரும்பப் போட்டுடுவேன். கிளம்பற அவசரத்துல உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"இத்தனை நாள் சொல்லியிருக்கலாமேப்பா."

"நல்லா ஓடுதுன்னு சந்தோஷமா இருந்தியேடா" என்றவர், ஞாபகம் வந்தவராக, "ஆமா, தாள் கிழிச்சியா?" என்றார்.

பார்த்தேன். புதன்லயே நிக்குதுப்பா என்றேன்.

"ரெண்டு நாளாவா? அப்ப ராகுகாலம் எல்லாம் எதைப் பார்த்துடா போறீங்க?"