பாரிஸில் காலை 9, புதுச்சேரியில் பன்னிரண்டரை

பிரான்சில் சில வருஷம் சம்பளத்துக்கு வெப்சைட் கட்டிவிட்டு, புதுச்சேரிக்குத் திரும்பித் தனியாக வேலை எடுப்பவர்களிடம் அங்கே என்ன கற்றீர்கள் என்று கேட்டால், பலரும் ஃப்ரேம்வொர்க் பெயர்களைத்தான் அடுக்குகிறார்கள். அதை லாஸ்பேட்டையில் உட்கார்ந்தே கற்றுவிடலாம். அங்கே இருக்கிற வாடிக்கையாளர் எண்ணை எப்படி எழுதுவார், தேதியை எப்படிப் படிப்பார், எந்த வார்த்தைக்கு முகம் சுளிப்பார் என்பது மட்டும் கூடவே வாழ்ந்தவருக்குத்தான் கைவரும். அவர் காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

ஒரு சின்ன இடத்தைப் பாருங்கள். ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலரை யூரோவை பிரெஞ்சுக்காரர் 1 234,50 என்று எழுதுவார்: ஆயிரத்துக்கு இடைவெளி, தசமத்துக்குக் கமா. இதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை எண்ணாக மாற்றித் தரும் பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்தால் இடைவெளியோடு நின்று 1 என்று திருப்பித் தரும். எரர் எதுவும் வராது. இடைவெளியை நீக்கினால் 1234 ஆகும், ஐம்பது சென்ட் காணாமல் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சில் வரும் அந்த இடைவெளி பெரும்பாலும் வரி உடையாமலிருக்கப் போடும் தனி எழுத்து. ஸ்பேஸ் பார் இடைவெளியை மட்டும் தேடி நீக்கும் புரோகிராம் கோடு அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. எல்லா வகை இடைவெளியையும் முதலில் எடுத்துவிட்டு, கமாவைப் புள்ளியாக்கி, அதன் பிறகே எண்ணாக மாற்ற வேண்டும். பணத்தைச் சென்ட் கணக்கில் முழு எண்ணாகச் சேமிப்பது இன்னும் நல்லது.

தேதியும் இப்படித்தான். துய்மா வீதி விடுதி ஒன்றுக்கு ஜூலை 10 என்று முன்பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். உலாவி அதை இந்திய நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொண்டு, உலக நேரத்துக்கு மாற்றி அனுப்பினால், ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் ஜூலை 9, மாலை 6.30 ஆகிவிடும். விருந்தாளி வரும்போது அறை முந்தின நாள் பேரில் இருக்கும். தங்கும் தேதிக்கு மணி நேரமே தேவையில்லை. ஆண்டு, மாதம், நாள் என்று வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையை விடும் முன்பே காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும். பிரான்சில் சம்பள வேலைக்கென்று கொடுத்த குடியிருப்பு அட்டையோடு தனியாக பில் போடக் கூடாது. அந்தஸ்தை மாற்றிய பிறகே அது நடக்கும். அவசரத்தில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 1962இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இங்கே வந்து தொழில் செய்ய அவர்கள் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்துவரலாமா என்பதற்கு வேலை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பதில் இருக்கும்.

இங்கே ஜிஎஸ்டி. சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம், ஆனால் வெளிநாட்டு வரவும் அந்தக் கணக்கில் சேரும். பதிவு செய்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஏற்றுமதி பில்லுக்கு வரி கட்டத் தேவையில்லை. மறந்தால் 18 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டு, திரும்பக் கேட்டு அலைய வேண்டும். கடலூர் பக்கத்து ஊர்தான், வரிக்கு மட்டும் வேறு மாநிலம். ஜிஎஸ்டியில் புதுச்சேரியின் மாநில எண் 34, தமிழ்நாட்டின் எண் 33. மிஷன் வீதி கடைக்கு 9, 9 என்று இரண்டாகப் பிரித்த வரி, கடலூர் மஞ்சக்குப்பம் கடைக்கு மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18. இதை மாற்றிப் போட்டால் தவறான கணக்கில் கட்டிய வரியை மறுபடி சரியான கணக்கில் கட்ட வேண்டியிருக்கும்.

பணம் வருவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். பிரான்சில் தனியாக எதுவும் பேசாவிட்டால் 30 நாள் தவணை, பேசி வைத்தால் 60 நாள் வரை போகலாம். 30 சதவீதம் முன்பணம், வடிவமைப்பு ஒப்புதலுக்கு 40, தளம் ஏறும் முன் 30 என்று பிரித்துக் கேட்பதுதான் எங்கள் அனுபவத்தில் நிற்கிறது. பணம் முழுதும் வராமல் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, ஒப்படைக்க வேண்டாம், அதே சமயம் டொமைனை நம் பெயரிலும் வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் பெயரில் வாங்கி, நிர்வாகத்தை மட்டும் நாம் வைத்திருப்பதே நியாயம். பணம் எதற்காக வருகிறது என்று வங்கி கேட்கும் குறியீட்டை (பர்ப்பஸ் கோடு) சரியாகச் சொல்லி, பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். ஏற்றுமதி என்று காட்ட அதுதான் ஆதாரம்.

பாரிஸில் காலை 9 மணி நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். காலை 7 முதல் மதியம் வரை யாரும் கூப்பிடமாட்டார்கள். யோசித்து எழுதவேண்டிய கோடுக்கு இதைவிட நல்ல நேரம் சம்பள வேலையில் கிடைத்ததேயில்லை. அதைக் கடன், கரண்ட் பில் வேலைகளுக்குச் செலவழிக்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதைச் செப்டம்பரிலேயே வாடிக்கையாளருக்கு எழுதிவிடுவது நல்லது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், தெருமுனைப் பெட்டியில் கரண்ட் இல்லையென்றால் ஃபைபர் இணைப்பு செத்துவிடும். வேறு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு ஒன்று தனியாக வேண்டும். புயல் அறிவிப்பு வந்த பிறகு புதிதாக எதையும் சர்வரில் ஏற்ற வேண்டாம். பேக்கப்பை எப்படி மீட்பது என்று ஒரு பக்கம் பிரெஞ்சில் எழுதி, அங்கேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.