ஒன்றாம் வகுப்புக்கு முன் சில நாட்கள்: கோத்தகிரியிலிருந்து

மே 16, 2025, வெள்ளி

பள்ளி திறக்க இன்னும் பதினேழு நாள். ஜூன் 2, திங்கட்கிழமை. பெரியவன் நான்காம் வகுப்பு, அவன் சமாளித்துக்கொள்வான். பாப்பா பால்வாடியை முடித்துவிட்டு முதன்முதலாகப் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள்.

காலையில் அவள் தட்டைத் தள்ளிவிட்டதும் அத்தை, "ஸ்கூலுக்குப் போ, இந்த ஆட்டமெல்லாம் டீச்சர் பிரம்புல அடங்கிடும்" என்றார். பாப்பா பதில் பேசாமல் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். இரவு அத்தையிடம் தனியாகப் பேசினேன். "இனிமே அப்படிச் சொல்லாதீங்க அத்தை. பிள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு."

"எங்க காலத்துல காதைத் திருகாத வாத்தியாரே கிடையாதும்மா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சொல்லல" என்றார். அத்தை மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழுந்து பறிக்கப் போனவர். தன் பயத்தைத்தான் பேத்திக்குக் கொடுக்கிறார் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது.

மே 20, செவ்வாய்

விடுமுறையில் தூக்கம் பத்து மணிக்குப் போய்விட்டது. ஐந்து வயதுக்கு ஒரு நாளில் பத்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் அழுகைதான் மிஞ்சும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்துகிறோம். ஜூன் 1-க்குள் எட்டரைக்கு வந்துவிடும்.

மே 22, வியாழன்

"ஸ்கூல்ல உனக்கு எது பயம்?" என்று நான்கு நாளாகக் கேட்டும் பதில் வரவில்லை. இன்று இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். கை வேலையில் இருந்தால்தான் இவளுக்கு வாய் திறக்கும். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பாத்ரூம்ல தாழ்ப்பாள் மாட்டிக்கிட்டா யாரும்மா திறப்பாங்க?"

நான் எழுத்து வராதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் தாழ்ப்பாளுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். எவனோ ஒரு பையன் உள்ளே மாட்டிக்கொண்டு அழுத கதையை அண்ணன்காரன் அளந்திருக்கிறான். பால்வாடியில் ஆயாம்மா கூட்டிப்போவார், கதவே கிடையாது. இவள் பயம் நியாயமானது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

உடனே போய் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தோம். பெரியவனை வெளியே நிறுத்தி, அவள் உள்ளிருந்து பத்து முறை. பள்ளியில் தாழ்ப்பாள் போட வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும், ஒரு தோழியை வெளியே நிற்கச் சொல் என்று முடிவு செய்தோம். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று சத்தமாகக் கேட்கவும் பழக்கினேன். முதலில் காதில்தான் சொன்னாள். அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொல் என்றதும் ஊருக்கே கேட்டது. ஊக்கு வைத்த பாவாடையை மாற்றி எலாஸ்டிக் தைத்துவிட்டேன்.

மே 26, திங்கள்

நீலகிரிக்கு ரெட் அலர்ட். இந்தத் தென்மேற்கு மழை அவலாஞ்சி, கூடலூர் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. ஆனாலும் காற்றுக்குப் பயந்து தோட்டத்துக்குப் போகவில்லை. ஸ்வெட்டர் பட்டனைக் கீழிருந்து மேலே போடப் பழகினாள். மேலிருந்து தொடங்கினால் ஒன்று தப்பிவிடுகிறது. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் எல்லாம் அரசே தருகிறது. அது கைக்கு வரும்வரை அண்ணனுடைய பழைய கோட்டுத்தான்.

ஊட்டிவிடுவதையும் நிறுத்தினோம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. சீக்கிரம் போய், தானே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அங்கே நான் இருக்க மாட்டேன்.

மே 29, வியாழன்

பள்ளி வரை நடந்து பார்த்தோம், தேயிலை நடுவே இருபது நிமிடம். காட்டெருமை நின்றால் என்ன செய்வது என்று பெரியவன் அவளுக்குப் பாடம் எடுத்தான்: ஓடாதே, கல் எறியாதே, அது போகும்வரை தள்ளி நில். சேர்க்கை வேலைக்காக டீச்சர் வந்திருந்தார். வகுப்பறையைக் காட்டினார். நான் கேட்காமலே பாப்பா கழிப்பறையைக் காட்டச் சொன்னாள். எழுத்து தெரியாதே என்று நான் இழுத்ததற்கு டீச்சர், "ஒண்ணாங்கிளாஸ்ல 'எண்ணும் எழுத்தும்'ங்கிற அரசுத் திட்டப்படிதான் பாடம். பாட்டு, கதை, விளையாட்டுன்னு ஆரம்பிச்சுதான் எழுத்துக்கு வருவோம். நீங்க அவளோட நிறையப் பேசுங்க" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். மூன்று வயதில் பால்வாடியில் விட்ட முதல் நாள், அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் நழுவி வந்துவிட்டேன். அழுகையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதன்பின் இரண்டு மாதம், நான் கொல்லைப்புறம் போனால்கூடப் புடவையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவாள் என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

இந்த முறை சொல்லிவிட்டுத்தான் வருவேன். மணி சொன்னால் அவளுக்குப் புரியாது. "பாட்டி மத்தியானம் பறிச்ச இலையை எடை போட்டுட்டு வீட்டுக்கு வருவாங்கல்ல, அவங்க வந்த உடனே நான் கிளம்பி ஸ்கூல் வாசல்ல நிப்பேன்" என்றேன். மூன்று முறை திருப்பிக் கேட்டாள். மூன்று முறையும் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

அழுதாள். என் முந்தானையை டீச்சர்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. "போயிட்டு வரேன், பாட்டி இலை எடை போட்டுட்டு வந்ததும் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வளைவு தாண்டியதும் நானும் அழுதேன். சாயங்காலம் பெல் அடிக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஓடி வரவில்லை, நிதானமாக நடந்து வந்து, "பாட்டி வந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 4, புதன்

இன்றும் வாசலில் உதடு பிதுங்கியது, ஆனால் அவளே கையை விட்டாள். காலையில் பொங்கலாம், மிளகை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாளாம்.

படுக்கும்போது சொன்னாள்: பாத்ரூம் போனாளாம், தாழ்ப்பாள் போடவில்லையாம், பக்கத்தில் உட்காரும் பெண் வெளியே காவல் நின்றாளாம். அந்தப் பெண்ணும் தாழ்ப்பாளுக்குப் பயந்தவளாம். "நாளைக்கு அவளுக்கு நான் நிக்கணும்மா, சீக்கிரம் எழுப்பிவிடு."