நாற்பதுக்கு மேல் குனியப் பழகினேன்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் ஸ்ட்ரெச்சிங் பழகத் தொடங்கினேன். அப்போது முழங்காலை மடக்காமல் குனிந்தால் விரல் நுனிகள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். சம்மணமிட்டால் இரண்டு முழங்கால்களும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், முதுகு கூன் போடும். சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டும், இனி உடம்பு வளையாது என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னது சரியில்லை. என் உடம்பு வளைந்திருக்கிறது. எது உதவியது, எதற்கு நேரம் செலவிட வேண்டியதில்லை என்பதைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புதிதாக இருந்தது: "குனியும்போது எந்த இடம் உங்களைத் தடுக்கிறது?" எல்லாமே இறுக்கமாக இருக்கிறது என்றேன். அவர் விடவில்லை. தொடையின் பின்பக்க நடுவில் இழுத்தால் அது தசை. முழங்காலுக்குப் பின்னாலோ பாதத்திலோ சுரீரென்றோ மரத்தாற்போலவோ இருந்தால் அதில் நரம்புக்கும் பங்குண்டு. கால் மடங்கும் இடத்தில், தொடை இடுக்கின் முன்பக்கம், எதிலோ நசுங்குவதுபோல் இருந்தால் அது மூட்டு. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

நரம்பா தசையா என்று கண்டுபிடிக்க அவர் காட்டிய வழி எளியது. கால்களை நீட்டி உட்கார்ந்து, இழுப்பு தெரியும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, அப்படியே தலையை மட்டும் குனியவும் நிமிரவும் வேண்டும். தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் முதுகுத்தண்டுக்குள் இறங்கும் தண்டுவடமும் காலுக்குப் போகும் நரம்பும் ஒரே தொடர்ச்சி. தலையை நிமிர்த்தியதும் காலில் இழுப்பு சட்டென்று குறைந்தால், அங்கே இழுபட்டது தசை மட்டும் அல்ல. என் இடது காலில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலை நீட்டிப் பிடித்து வைத்திருக்காமல், முழங்காலை மெல்ல நீட்டியும் மடக்கியும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். சில வாரங்களில் அந்தச் சுரீர் உணர்வு அடங்கியது. கீழ்முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்குபவர்களும் கால் மரத்துப்போகிறவர்களும் தாங்களாக எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது அவசியம்.

அடுத்துக் கற்றது இடுப்பெலும்பைச் சாய்ப்பது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. தொடையின் பின்தசை, நாம் உட்காரும்போது தரையில் படும் எலும்பில் தொடங்கி முழங்காலைக் கடந்து கீழே போய் முடிகிறது. இடுப்பெலும்பு அசையாமல் முதுகை மட்டும் வளைத்துக் குனிந்தால் அந்தத் தசை அவ்வளவாக நீளாது. இழுப்பையெல்லாம் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும். ஆகவே மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, தலையைக் காலுக்குக் கொண்டுபோக முயலாமல் தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோனேன். பார்ப்பவர்களுக்கு நான் ஏறக்குறைய நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். உள்ளே தொடையின் பின்பக்கம் முழுவதும் இழுக்கும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பானது மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துண்டை மாட்டிக் காலைத் தூக்குவது. முதுகைத் தரை தாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு நேரம் பிடிப்பது? 1994இல் பாண்டி, ஐரியன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் தொடைப் பின்தசையை 15, 30, 60 விநாடிகள் என்று தனித்தனிக் குழுக்கள் ஆறு வாரங்கள் நீட்டிப் பார்த்தன. 30 விநாடி கொடுத்த பலனைவிட 60 விநாடி கூடுதலாக எதையும் கொடுக்கவில்லை. 65 வயதைக் கடந்தவர்களிடம் 2001இல் செய்த வேறோர் ஆய்வில் மட்டும் 60 விநாடி மேலானதாக இருந்தது. நான் 30 விநாடியை எடுத்துக்கொண்டேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை. நாள் முழுக்க நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் தொடரக்கூடிய அளவு இது.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்ல நினைக்கும் விஷயம். சில வாரப் பயிற்சியில் கை இன்னும் கீழே போகிறதென்றால் தசை நீண்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெப்ளர், மாக்னுசன் இருவரும் 2010இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று முதல் எட்டு வாரம் வரையிலான பயிற்சிகளில் கிடைக்கும் முன்னேற்றத்துக்குப் பெரும்பாலும் உணர்வில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது அவர்கள் கருத்து. அதாவது தசை ஏறக்குறைய அதே தசைதான். "போதும், நில்" என்று நரம்பு மண்டலம் சொல்லும் இடம் தள்ளிப்போயிருக்கிறது. முன்பின் தெரியாதவரை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பழகப் பழக உள்ளே விடுவதுபோல, உடம்பும் பழகிய நிலையைத்தான் அனுமதிக்கிறது.

இதைப் படித்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டுவதற்கு என்னிடம் இடமே இல்லாமல் போயிற்று. பத்துக்கு ஐந்து, ஆறு என்ற அளவில் இழுப்பு இருந்தால் போதும். நான் பார்க்கும் அளவுகோல் மூச்சு. நிதானமாக நீள மூச்சு விட முடிந்தால் அது சரியான ஆழம். மூச்சு சிக்கினால் ஓர் அங்குலம் பின்வாங்குவேன். வயதுவந்த பிறகு தொடங்குபவர்களில் பலர் வலியைத்தான் முன்னேற்றத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் வலிக்கும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகுகிறது.

நரம்பு மண்டலத்தோடு பேசும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இறுக்கித் தளர்த்துவது. 1940களில் ஹெர்மன் கபாட் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளிகளுக்காக உருவாக்கத் தொடங்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்தது. மல்லாந்து படுத்துத் துண்டால் காலைத் தூக்கிப் பிடித்தபடி, குதிகாலைத் தரைப்பக்கமாக ஆறு விநாடி அழுத்துவேன். துண்டு விடாது, அதனால் கால் நகராது. பிறகு தளர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே காலை இன்னும் அருகில் கொண்டுவருவேன். அதே நிமிடத்தில் கால் கூடுதலாக வருகிறது. மறுநாள் அதில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும், சிறிதளவு மட்டும் தங்கும். அந்தச் சிறிதளவுகள்தான் சேர்ந்துகொண்டே வந்தன.

சில மாதங்களில் முன்னேற்றம் நின்றது. அங்கிருந்து என்னை நகர்த்தியது எடைப் பயிற்சி. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே தொடங்கியிருப்பேன். மூட்டை அதன் முழு வீச்சுக்கும் கொண்டுபோய்ச் செய்யும் வலுப்பயிற்சி, ஸ்ட்ரெச்சிங் அளவுக்கே நெகிழ்வைக் கூட்டுகிறது என்று 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. கைகளில் குறைந்த எடையைப் பிடித்துக்கொண்டு, முதுகு நேராக, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து எழும் ருமேனியன் டெட்லிஃப்ட்டைச் சேர்த்தேன். ஆழமாக உட்கார்ந்து எழுவதையும், கால்களை நீட்டி உட்கார்ந்து கையால் தொடாமல் ஒரு காலை மட்டும் தூக்குவதையும் சேர்த்தேன். கடைசியாகச் சொன்னது பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், தொடை நடுங்கிவிடும். கையால் இழுத்து அடையும் நிலையில் பலமும் வந்த பிறகுதான் அந்த நிலை எனக்கு நிலைத்தது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும் என்பதால் எழுந்தவுடன் ஆழமாகக் குனிவது கீழ்முதுகுக்குச் சுமை. நான் மாலையில், பத்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பு சூடான பிறகு செய்கிறேன். ஓட்டத்துக்கோ தாண்டுதலுக்கோ முன்னால் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால் அதன் பலம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும், அதை முடிவில் வைத்துக்கொள்ளலாம். உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி ஸ்ட்ரெச்சிங் செய்தால் வராது என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுகளில் அது குறிப்பிடும்படி குறையவில்லை.

எலும்பின் அமைப்பை எந்தப் பயிற்சியும் மாற்றாது. இடுப்பு மூட்டின் கிண்ணம் எவ்வளவு ஆழம், தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. பாதங்களைச் சேர்த்து உட்காரும் பத்தகோணாசனத்தில் என் முழங்கால்கள் தரைக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கின்றன. அங்கே தசை இழுக்கவில்லை, மூட்டு முட்டுகிறது. அதற்கு மேல் அழுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உட்காரும் எலும்பின் மேலேயே ஒரு புள்ளியில் வலி வந்தாலும் அப்படித்தான். அது தசை எலும்போடு ஒட்டும் நாண், மேலும் நீட்டினால் மேலும் நோகும்.

மாதத்துக்கு ஒரு முறை, அதே மாலை நேரத்தில், அதே நடைக்குப் பிறகு அளந்து எழுதிவைக்கிறேன். தினமும் அளந்தால் தூக்கம், குளிர், களைப்பு எல்லாம் சேர்ந்து எண்ணைக் குழப்பிவிடும். இப்போது உடம்பு சூடாக இருந்தால் உள்ளங்கைகள் தரையில் படிகின்றன, இல்லாவிட்டால் விரல் நுனிகள். சம்மணமிட்டு நீண்ட நேரம் உட்கார முடிகிறது. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டும் அனுமனாசனம் இன்னும் தரைக்கு வரவில்லை. கைகளுக்கடியில் இரண்டு கட்டைகளை வைத்துக்கொள்கிறேன். தடுப்பது முன்காலின் பின்தசை என்றுதான் நினைத்திருந்தேன், பின்காலின் இடுப்பு முன்தசை என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதனால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்துப் பிடிக்கும் பயிற்சிக்கே மாலையின் பெரும்பகுதியைக் கொடுத்து வருகிறேன்.