ஆனையிறங்கலில் நின்ற ஆர்.எக்ஸ்.

ஜூன் 3, 2025, செவ்வாய், பூப்பாறை

இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு என் ஆர்.எக்ஸ். பைக் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி என்ஜின் நின்றுவிட்டது. ஆனையிறங்கல் அணைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குள் இறங்கும் ஜீப் தடத்தில். இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி இறங்கிக்கொண்டிருந்தேன். மூடியும் என்ஜின் சத்தம் தணியவில்லை. கேபிள் சிக்கிவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்து ஒரு மேடு. முறுக்கினேன். 'கீச்' என்று ஒரு சத்தம், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சுக்குப் போனதால் விழவில்லை.

அரிக்கொம்பன் என்ற காட்டுயானையை 2023-இல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர், இருமக்கூட பயந்து தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

வண்டி 1994 மாடல் ஆர்.எக்ஸ். 100. கம்பெனியில் வந்தபோது 98 சி.சி., 11 குதிரைசக்தி. அதில் நான் கைவைத்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டரில் புகை வெளியேறும் வாசல்) உயர்த்தினேன், சிலிண்டர் ஹெட்டைக் கடைந்தேன், வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சைலன்சர் போட்டேன். அதோடு ஆயில் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 25 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றிவந்தேன். சைலன்சர் தோட்டத்துக்குள் மட்டும்தான். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை இங்கே உள்ள அதிகாரிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கொட்டகைக்கு வந்த ஆளெல்லாம் ஒரே பாட்டு: "கைவெச்ச வண்டி வேற எப்படி இருக்கும்?" நானோ கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைச் சந்தேகப்பட்டேன். மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசாமல் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து போர்ட் வழியாகப் பிஸ்டனைப் பார்த்தார். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கீறல். நாலு மூலையிலும் பிடித்திருந்தால் சூடேறாத என்ஜினை விரட்டியிருக்கிறோம் என்று அர்த்தமாம். இந்தப் பக்கம் மட்டும் என்றால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடு தாங்கவில்லை.

"ஹெட்டைத் தொடாதே தம்பி. முதல்ல காத்து போகுதான்னு பார்ப்போம். பி.பி. மெஷின் கிடைக்குமா?"

ஜூன் 5, வியாழன்

பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். பல்பை அமுக்கிக் காற்றடிக்கும் பழைய டயல் மெஷினை வாங்கிவந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கினோம். கார்புரேட்டர் ரப்பரில் மரக்கட்டையை அடைத்தாயிற்று. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்தத் துளையில் பி.பி. டியூப். அண்ணன் பல்பை அமுக்கி முள்ளை 300 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றினார். அது கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. ஆரோக்கியமான டூ ஸ்ட்ரோக் என்றால் ஒரு நிமிடத்தில் 50 இறங்கினாலே அதிகம். எங்கள் முள் அரை நிமிடத்தில் 180-க்கு வந்துவிட்டது.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு பேக்கிங்கிலும் தடவினோம். ஹெட், பிளாக் (சிலிண்டர்) அடி, ரீட் வால்வு, எதிலும் ஒன்றுமில்லை. புல்லர் போட்டு மேக்னெட்டைக் கழற்றி, உள்ளே கிராங்க் முனையைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலில் தடவியதும் நண்டு நுரை தள்ளுவதுபோலப் புசுபுசுவென்று வந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் பெட்ரோலும் காற்றும் வந்து சேரும் இடம். அதன் கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையைக் கக்கும், ஊருக்கே தெரிந்துவிடும். மேக்னெட் பக்கம் போனால் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும், புகையோ வாசனையோ வராது. முறுக்கிவிட்டால் சத்தம் இறங்க யோசிக்கும், அவ்வளவுதான் அடையாளம். அதைத்தான் நான் கேபிள் என்று நினைத்தேன்.

சீல் விலை 120 ரூபாய். கைவைத்ததற்கு இதில் பங்கில்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. கம்பெனி செட்டிங்கில் கலவை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இதே சீல் ஓட்டையோடு ஐடிலிங் தாறுமாறாகி ஒரு மாதமாவது முனகிக் காட்டியிருக்கும் என்றார். நான் ஹெட்டைக் கடைந்து சூட்டை ஏற்றினேன், மேட்டில் சுறுசுறுப்பு வேண்டும் என்று ஜெட்டைச் சின்னதாக்கினேன். பங்க்கில் வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை இன்னும் லீன். எல்லாம் சேர்ந்து என்ஜினைக் கிணற்று விளிம்பில் நிறுத்தியிருந்தன. சீல் லேசாகத் தள்ளியது.

பம்ப் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. அது கிராங்கோடு சுற்றுவது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினாலும் என்ஜின் சுற்றுகிறவரை கொஞ்சம் ஆயில் வந்துகொண்டே இருக்கும். பெட்ரோலில் கலந்து ஊற்றும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகிறது, என்ஜின் மட்டும் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் சுற்றுகிறது. நம் ஊரில் எது இறக்கமில்லாத தடம்?

ஜூன் 7, சனி

பிளாக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போடி போனேன். 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, இன்று பக்ரீத். லேத் பூட்டியிருந்தது.

ஜூன் 9, திங்கள்

போர் (சிலிண்டர் துளை) 50.50 மி.மீ.-இலிருந்து 50.75-க்குப் போனது. இனி 51 சைஸ் ஒன்றுதான் பாக்கி. பிஸ்டனுக்கும் போருக்கும் 0.05 மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்தார் லேத் பாய். எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "எவன் வெட்டினான் இதை? கத்தி மாதிரி இருக்கு, ரிங்கு மாட்டும்ல?" என்றார். நான்தான் என்று சொல்லவில்லை. எமரிப் பேப்பரால் விளிம்பை மழுக்கிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஜூன் 14, சனி

பூட்டினோம். இரண்டு பக்கமும் புது சீல். காயலான் கடையில் கிடைத்த ஆயில் பம்ப்பைக் கழுவி மாட்டியாயிற்று. பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டுக் கிக்கரைக் கையால் சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரில் அளந்தால், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி 0.7 மி.மீ. ஹெட் பேக்கிங்கைத் தடிமனாக்கி 1.1-க்குக் கொண்டுவந்தோம். உயர்த்திய போர்ட்டைத் தாழ்த்த வழியில்லை, அது அப்படியே கிடக்கட்டும். திரும்பவும் பி.பி. மெஷின்: ஒரு நிமிடத்தில் 300-இலிருந்து 285.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு வாரம் பாதி ஆக்ஸிலேட்டரில் ஓட்டிவிட்டு இன்று போடிக்கு இறக்கினேன். கீழே காற்று அடர்த்தி, நூறு மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் கூடும். மேலே சரியாக இருக்கும் ஜெட் கீழே லீன். அதனால் மலையடிவாரத்து முந்தலில் நிறுத்தி ஒரு சைஸ் பெரிய ஜெட்டை மாற்றினேன். நேர்ரோட்டில் முழுக்க முறுக்கி, அப்படியே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து பிளக்கைக் கழற்றினால் நல்ல பிஸ்கட் நிறம், கலவை சரி என்று அர்த்தம்.

திரும்பும்போது ஆனையிறங்கல் தடத்திலேயே இறங்கினேன். ஆக்ஸிலேட்டரை மூடியதும் சத்தம் மடமடவென்று கீழே விழுந்தது. பழைய இழுப்பில் பத்தில் ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அக்கா மட்டும் கோபத்தில் இருக்கிறார். பி.பி. மெஷினைக் கையில் கட்டினால் பெட்ரோல் வாசனை வருகிறதாம். புதிது வாங்கிக் கொடுக்க வேண்டும். பழையதை அண்ணன் கொட்டகைக்குக் கேட்டிருக்கிறார்.