இடது கண்ணின் காண்டூர்

2023 ஜூன் 12, திருச்சி

இடது கண்ணுக்கு கெரடோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கிற நோய். அதற்கான சி3ஆர் சிகிச்சை முடிந்தது. நான் சொல்லச் சொல்லத் தம்பி எழுதுகிறான். மரப்பு மருந்து விட்டுக் கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டுவது தெரிந்தது, வலி இல்லை. அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு மருந்து. ரிபோஃப்ளேவின், பி2 வைட்டமின்தான். அப்புறம் அரை மணி நேரம் புற ஊதா விளக்கு. கருவிழிக்குள் இருக்கும் நார்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுகிற வேலை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பிறந்த முறை, 2003-லேயே முடிவுகளை வெளியிட்டுவிட்டார்களாம். வீடு வந்து சேர்வதற்குள் மரப்பு விட்டுவிட்டது. மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கியது போல எரிகிறது. போதும், நிறுத்துடா.

ஜூன் 20

புண் ஆறுவதற்காகப் போட்டிருந்த பேண்டேஜ் லென்ஸை எடுத்தாயிற்று. சைட்டில் ஃபீல்டு புக் எழுதுவது போல இதற்கும் ஒரு நோட்டு போட்டேன். நான் சர்வேயர். டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவி வழியாகப் பார்த்தால், குறி வைக்கத் தூரத்தில் நிறுத்திய ஒரு ப்ரிஸம் இடது கண்ணுக்கு மூன்றாகத் தெரியும். அப்படித்தான் கெரடோகோனஸ் பிடிபட்டது. கருவிழியை அளக்கிற பென்டகாம் மெஷினின் படத்தை முதலில் பார்த்தபோது, நிலத்தின் மேடு பள்ளத்தைக் கோடுகளாகக் காட்டும் காண்டூர் மேப் என்றே நினைத்தேன்.

சிகிச்சைக்கு முந்தைய கணக்கு: கே-மேக்ஸ், அதாவது முன்பக்கத்தில் மிகச் செங்குத்தான புள்ளி, 54.2 டயாப்டர். மிக மெல்லிய இடம் 448 மைக்ரான். தரம் ஏ2 பி2 சி2 டி1. ஏ முன்பக்க வளைவு, பி பின்பக்க வளைவு, சி தடிமன், டி கண்ணாடி போட்டபின் பார்வை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை தனித்தனி மதிப்பெண். பெலின் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தது. பழைய ஆம்ஸ்லர்-க்ரூமைக் முறையில் எல்லாவற்றையும் ஒரே நிலையில் அடக்கிவிடுவார்கள், பின்பக்கம் கணக்கிலேயே வராது. எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது. மேல்தளத்தை மட்டும் அளந்துவிட்டுக் கட்டடம் உறுதி என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

ஜூலை 14

கே-மேக்ஸ் 55.6. தடிமன் 421. பார்வையும் இறங்கி டி2. ஒரு வருடத்தில் 1 டயாப்டர் ஏறினாலே நோய் முற்றுகிறது என்று படித்திருந்தேன். எனக்கு ஒரே மாதத்தில் 1.4. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கான்கிரீட் போட்ட மறுநாளே லெவல் எடுப்பீங்களா தம்பி?" முதல் மாதம் கே-மேக்ஸ் ஏறிவிட்டு இறங்குவது வழக்கமாம். கருவிழியில் படிந்திருக்கும் லேசான மங்கலால் காமிராவும் தடிமனைக் குறைத்துக் காட்டுமாம். கருவிழியைக் குறுக்கே வெட்டியது போலக் காட்டும் ஓசிடி படத்தில் உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. மருந்தும் வெளிச்சமும் அந்த ஆழம் வரை வேலை செய்திருக்கின்றன என்றார்.

செப்டம்பர் 15

54.4. மங்கல் குறைகிறது. வேறு விசேஷமில்லை.

டிசம்பர் 9, ஓசூர்

இங்கே சைட் வேலை. ஒரு நாள் லீவை மிச்சம் பிடிக்கலாம் என்று பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தேன். 55.1. ரிப்போர்ட்டின் அடியில் 'நோய் முற்றுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த மெஷின் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

டிசம்பர் 18

திருச்சியில் பழைய மெஷினிலேயே எடுத்தார்கள். 53.3. ஓசூரில் வைத்திருந்தது வேறு கம்பெனி மெஷின், அளக்கிற முறையே வேறு. வேறு பெஞ்ச் மார்க்கில், அதாவது வேறு ஆதாரப் புள்ளியை வைத்து எடுத்த லெவலைப் பழைய லெவலோடு கழித்துப் பார்த்திருக்கிறேன். என் உதவியாள் இதைச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இன்று ஒரே உட்காரலில் மூன்று தடவை எடுக்கச் சொன்னேன்: 53.3, 53.6, 53.1. கூம்பு செங்குத்தாக ஆக ஆக அளவு இப்படித்தான் ஆடுமாம். ஒரு புள்ளியை நம்பிப் பயந்ததெல்லாம் தண்டம். முன்பக்கம், பின்பக்கம், தடிமன் மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து மாறினால்தான் கவலைப்பட வேண்டும் என்றார் டாக்டர்.

2024 ஜூன் 17

ஒரு வருடம். ஸ்கேனுக்காக இரண்டு வாரம் ஆர்ஜிபி லென்ஸைக் கழற்றி வைத்திருந்தேன். கடினமான லென்ஸ் கருவிழியை அமுக்கி அளவை மாற்றிவிடும். அந்த இரண்டு வாரமும் சைட்டில் பாதிக் குருடன்தான். 52.9. தடிமன் 436. ஏ2 பி2 சி2 டி1, எல்லா எழுத்தும் பழையபடி. வேறு எந்த வேலையிலாவது ஒரு வருடம் கழித்து அதே மார்க் வாங்கிவிட்டு ஸ்வீட் வாங்கிப் போயிருப்பேனா தெரியவில்லை.

டாக்டர் ஆனால் என்னை விடவில்லை. வலது கண் படத்தைப் பெரிதாக்கினார். போன வருடம் எல்லாமே 0 வாங்கிய நல்ல கண். முன்பக்கம் அப்படியே இருக்கிறது, பார்வை 6/6, தடிமன் 497-இலிருந்து 491. பின்பக்க வளைவின் ஆரம் மட்டும் 5.98 மில்லிமீட்டரிலிருந்து 5.86 ஆகிவிட்டது. 5.90-க்குக் கீழே வந்தால் பி1. நோய் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் முதலில் தலைகாட்டும் என்றார். இதுவும் அளவின் ஆட்டமாக இருக்கலாம். மூன்று மாதம் கழித்து, இதே மெஷினில், மறுபடி.

"கண்ணைக் கசக்குறீங்களா?"

இல்லை என்றேன். கூட வந்திருந்த அம்மா, "வலது பக்கமாத் திரும்பி, தலகாணியில கண்ணை அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே தூங்குறான் டாக்டர்" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நோட்டில் வலது கண்ணுக்கு ஒரு புதுப் பக்கம். செப்டம்பர் 16, காலை 9 மணி.